பூஜ்ஜியம் நழுவிய வெப்பமானி

கல்லூரி ஆய்வகத்தில் வெப்பமானியைக் கொதிநீரிலிருந்து எடுத்துச் சற்று ஆறவிட்டு, உருகும் பனிக்கட்டியில் அமிழ்த்தியபோது, பாதரசம் பூஜ்ஜியக் கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றது. கோட்டைத்தான் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். குற்றம் கண்ணாடியுடையது. சூட்டில் விரிந்த குமிழ், குளிர்ந்தவுடன் பழைய கொள்ளளவுக்கு முழுமையாகச் சுருங்குவதில்லை. இடம் கூடிவிடுவதால் பாதரசத்தின் மட்டம் இறங்குகிறது.

19ஆம் நூற்றாண்டுக் கருவித் தொழிலாளர்களை வாட்டிய இக்குறையைத் தீர்க்க முனைந்தவர்களுள் முதன்மையானவர், விட்டன் நகரில் 1851இல் கண்ணாடித் தொழில் குடும்பத்தில் பிறந்த ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ஷாட். சோடாவும் (சோடியம் உப்பு) பொட்டாஷும் (பொட்டாசியம் உப்பு) ஏறத்தாழச் சமமாகக் கலந்த கண்ணாடியில் இந்தப் பூஜ்ஜிய நழுவல் மிகுதி. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் மிகக் குறைவு. தூய்மைக்கேடு காரணமாக இருக்கும் என்று ஊகிக்கத் தோன்றும் இடத்தில், கலவையே காரணமாக இருந்தது எனக்கு வியப்பளித்தது.

ஷாட் 1879இல் லித்தியம் கலந்த கண்ணாடித் துண்டொன்றை யேனா நகரிலிருந்த எர்ன்ஸ்ட் அபேக்கு அனுப்பினார். நுண்ணோக்கி வில்லைகளின் கணக்கை வகுத்துவிட்டு, அக்கணக்குக்கேற்ற கண்ணாடி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த இயற்பியலர் அவர். இருவரும் நுண்ணோக்கி தயாரிப்பாளர் கார்ல் சைஸ், அவர் மகன் ரோடரிச் ஆகியோருடன் சேர்ந்து 1884இல் யேனாவில் கண்ணாடி ஆய்வகம் தொடங்கினர். போரிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் உலைக்குள் சென்றன. வெவ்வேறு நிற ஒளி வெவ்வேறு இடங்களில் குவிவதால் பிம்ப விளிம்பில் நிறம் படரும் நிறப்பிறழ்ச்சியைப் பெரிதும் களைந்த நுண்ணோக்கி வில்லைகள் 1886இல் வெளிவந்தன. வேதியியல் ஆய்வகக் குடுவைகளுக்கு வெப்பத்தையும் அமிலத்தையும் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி வாய்த்ததும் அதே உலைகளிலிருந்துதான்.