மனை வாங்கும் முன் ஒரு குழி தோண்டிப் பாருங்கள்

வீட்டுமனை வாங்கியபோது நான் பத்திரத்தை மூன்று முறை படித்தேன், எல்லைக் கற்களை அளந்து சரிபார்த்தேன், மண்ணை மட்டும் பார்க்கவில்லை. மேலே செம்மண் சமமாகப் பரப்பப்பட்டு, நடந்தால் கால் பதியாத அளவுக்குக் கெட்டியாக இருந்ததால், அதுவே போதுமென்று எண்ணிவிட்டேன். அஸ்திவாரத்துக்குக் குழி எடுத்த முதல் நாளிலேயே, இரண்டடி ஆழத்தில் அந்தச் செம்மண் முடிந்துபோனது. அதற்குக் கீழே உடைந்த செங்கலும் பிளாஸ்டிக் பைகளும் வந்தன. ஐந்தடியில் கறுத்த சேறும், அதில் முழுதாக மக்காத கோரை வேர்களும், மூக்கைப் பொத்தவைக்கும் வாடையும். குழியின் பக்கங்களிலிருந்து கசிந்த நீர், பொழுது சாய்வதற்குள் கணுக்கால் அளவுக்கு நின்றுவிட்டது. நீர் தேங்கிய பள்ளம் ஒன்றைத் தூர்த்து மனையாக்கியிருக்கிறார்கள் என்பது அந்தக் குழிக்குள் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து, நிலம் வாங்கப்போவதாக யார் சொன்னாலும், பெருமழை பெய்த மறுநாள் அங்கே போய்ப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். மண்ணைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி, அது தண்ணீரை என்ன செய்கிறது, தண்ணீர் அதை என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது.

தூர்த்த நிலம் அமுங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீடு முழுவதும் ஒரே சீராக இறங்கினால் சுவர்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஒரு மூலை இறங்கி மற்றொரு மூலை நின்றுவிட்டால்தான் விரிசல் விழுகிறது. 1173இல் கட்டத் தொடங்கிய பைசா கோபுரம் சாய்ந்ததற்கும் காரணம், அதன் தெற்குப் பக்க மண் மற்றப் பக்கத்தைவிட இளகி அமுங்கியதுதான். நூற்றாண்டுகள் கழித்து அதன் சாய்வைக் குறைத்த பொறியாளர்கள் வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவியெடுத்தே அதைச் செய்தார்கள். இளகிய மணலில் நீர் நிறைந்திருந்தால் ஆபத்து வேறு வகையானது: 1964இல் ஜப்பானின் நிகாட்டாவில் நிலநடுக்கம் வந்தபோது, மணல் குழம்புபோல் நெகிழ்ந்து, அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமலேயே சரிந்து படுத்தன.

கரிசல் போன்ற வீங்கும் களிமண்ணை அடையாளம் காண்பது எளிது. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் விடும். மழைக்குப் பின் அவை மூடிக்கொள்ளும். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் அந்த மண்ணின் மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால், ஜன்னல் மூலைகளிலிருந்து குறுக்காக விரிசல் கிளம்பும். வாங்க நினைக்கும் மனையைச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் சுற்றுச்சுவர்களை நிதானமாகப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இத்தகைய மண்ணில், ஈரம் மாறாத ஆழம்வரை அஸ்திவாரத்தைக் கொண்டுசெல்வதும், கழிவுநீர்க் குழாய் கசியாமல் பார்த்துக்கொள்வதும், பெரிய மரங்களைச் சுவரை ஒட்டி நடாமலிருப்பதும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல.

இருப்பினும் கண்ணால் பார்ப்பது முறையான மண் பரிசோதனைக்கு ஈடாகாது. துளையிட்டு, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை ஏறத்தாழ 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, துளைக்குள் வைத்த கருவி 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுவது இதில் வழக்கமான முறை. அடிகள் குறைவென்றால் மண் இளகியது என்று பொருள். அறிக்கை கைக்கு வந்ததும் தாங்குதிறன் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல், நிலத்தடி நீர்மட்டம் எந்த ஆழத்தில் இருந்தது, எந்தப் பருவத்தில் அளந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். துளைகள் ஒன்றுக்கு மேல் இருப்பது நல்லது, ஏனெனில் என் மனையிலேயே பள்ளம் ஒரு பாதியில்தான் இருந்தது.

வீட்டுக்கு உகந்த மண்ணும் தோட்டத்துக்கு உகந்த மண்ணும் ஒன்றல்ல. அஸ்திவாரத்துக்கு ஆகாதென்று கழிக்க வேண்டிய மேல்மண்தான் செடிக்கு உயிர். கட்டட வேலை தொடங்கும் முன்பே அதை வழித்தெடுத்துத் தனியே குவித்து வைக்காவிட்டால், லாரிகளும் சிமெண்டுக் கலவையும் அதை நசுக்கிப் பாழாக்கிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதில் இன்னமும் வருத்தம் உண்டு.

தோட்டம் போடும் இடத்தில் ஓரடி ஆழக் குழி எடுத்து, நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் வேர் அழுகும் இடம் அது. களிமண்ணை இளக்குவதாக நினைத்துக் கொஞ்சம் மணலைக் கலக்காதீர்கள். காய்ந்தபின் அது செங்கல்போல் இறுகிவிடும். மக்கிய உரம் மெதுவாக வேலை செய்தாலும் சரியாகச் செய்யும்.

நான் செய்த மற்றொரு சோதனை, கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணையும் மீதி நீரையும் இட்டுக் குலுக்கி வைப்பது. மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். என் குப்பியில் நான்காம் நாளும் நீர் காப்பி நிறத்திலேயே நின்றது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது கார அமில நிலை (pH) 8.9 என்றும், சோடியம் மிகுந்த களர் மண் என்றும் தெரிந்தது. சோடியம் களித் துகள்களை ஒன்றுசேர விடாது என்பதால்தான் நீர் தெளியவில்லை. அதன் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும்படி ஜிப்சம் இட்டு, வெளியேறும் சோடியம் கரைந்து போக வடிகாலும் வெட்டினேன்.

இரண்டு பருவம் கழித்து, ஜிப்சம் இட்ட பாத்தியிலிருந்து ஒரு பிடியும் இடாத மூலையிலிருந்து ஒரு பிடியும் எடுத்து, இரண்டு குப்பிகளில் குலுக்கி ஜன்னலோரம் வைத்தேன். மறுநாள் காலையில் முதல் குப்பியின் வழியாக வெளியே நின்ற செடியின் இலைகள் தெரிந்தன. இரண்டாவது அப்படியே கலங்கி நின்றது.