பழைய ரம்பத்தில் ஓர் உலு: மூன்றாவது முயற்சி

இந்த முறை உலு கைக்குள் அடங்கிவிட்டது. மூன்று வாரம் அரம் பிடித்த விரல்கள் இன்னும் வலிக்கின்றன, ஆனால் மனம் நிறைந்திருக்கிறது.

உலு, ஆர்க்டிக்கில் வாழும் இனுயிட் பெண்களின் கத்தி. அலகு அரைநிலா வடிவம், கைப்பிடி அதற்கு நேர் மேலே. சீல் என்ற கடல் விலங்கின் தோலை உரிப்பது, உடுப்புக்குத் தோல் வெட்டுவது, இறைச்சி நறுக்குவது எல்லாம் இதில்தான். பொது வேலைக்கு 15 செ.மீ. அலகு, தையல் நூலாகும் விலங்கு நரம்பை அறுக்கவும் தலைமுடி வெட்டவும் 5 செ.மீ. அளவில் சின்னது. முன்பு ஸ்லேட் கல்லைத் தேய்த்து அலகு செய்தார்கள். இப்போது பலரும் பழைய ரம்பத் தகட்டை வெட்டியே செய்கிறார்கள். அந்தத் துணிச்சலில்தான் நானும் இறங்கினேன்.

முதல் அலகை கிரைண்டரில் வெட்டினேன். விளிம்பு சூடேறி நீலம் பூத்தது. அத்தோடு இரும்பின் பதம் போய், இறைச்சியில் வைத்து அழுத்தியதுமே முனை மடங்கியது. இரண்டாவதை ஆக்ஸா பிளேடாலும் அரத்தாலும் பொறுமையாக இழைத்தேன். கூர் நன்றாக வந்தது. கோளாறு, அலகைக் கைப்பிடியோடு இணைக்கும் தண்டில். அலாஸ்காவின் இனுபியாட் மக்களின் உலுவில் அலகின் நடுவில் துவாரம் விட்டு, இரு பக்கமும் கைப்பிடியோடு சேர்ப்பார்கள். கனடாவில் நடுவே ஒற்றைத் தண்டு. நான் எடுத்தது கனடா மாதிரி, ஆனால் தண்டை மூன்று விரல் உயரம் விட்டுவிட்டேன். அழுத்தும்போதெல்லாம் அலகு பக்கவாட்டில் சாய்ந்தது.

மூன்றாவது முறை தண்டை ஒரு விரல் அளவுக்குக் குறைத்தேன். இனுயிட் மக்கள் கைப்பிடிக்கு மான்கொம்பு, வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தம், மரம் எல்லாம் வைப்பார்கள். எனக்குக் கிடைத்தது புளியங்கட்டை. அதில் பிளவு போட்டு, தண்டைச் செருகி, இரண்டு பித்தளை ஆணி அடித்தேன்.

நேற்று ஒரு துண்டு ஆட்டுத்தோலில் வைத்துப் பார்த்தேன். சாதாரணக் கத்தியை இழுத்தால் தோலும் கூடவே சுருண்டு வரும். இதில் உள்ளங்கையின் பாரம் நேராகக் கூர் விளிம்பில் இறங்குகிறது. முன்னும் பின்னும் லேசாக உருட்டினேன். தோல் இடம் நகராமல், நூல் பிடித்த மாதிரி பிளந்தது. மற்றக் கை சும்மா இருந்தது! பல்லால் இறைச்சியைக் கவ்வி, ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் உதட்டருகே உலு வைத்து அவர்கள் அறுத்துச் சாப்பிடுவது எப்படி முடிகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ரம்பத்தில் இன்னும் ஒரு சாண் தகடு மிச்சம் இருக்கிறது. அடுத்து அந்த 5 செ.மீ. உலு.