மாதவிடாய் நின்றதும் எலும்பைக் கவனியுங்கள்

யாங்கூன் அக்காமாரே, மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. எலும்பை அரிக்கும் செல்களை அடக்கி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதே காரணம். வலி இருக்காது, முறிந்தால்தான் தெரியும்.

50 வயதுக்கு மேல், சாப்பாட்டையும் சேர்த்து, தினமும் 1200 மி.கி. கால்சியம் தேவை. முள்ளோடு தின்னும் சின்னக் கருவாடு நல்லது (உப்பைக் கழுவிவிடுங்கள்). கால்சியத்துக்கு ஷான் தோஃபுவை நம்பாதீர்கள், அது சோயா அல்ல, கடலை மாவு.

1250 மி.கி. கால்சியம் கார்பனேட் மாத்திரையில் உள்ள கால்சியம் 500 மி.கி.தான். சாப்பாட்டோடு போடுங்கள், வெறும் வயிற்றில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஹார்மோன் மாத்திரை எலும்பைக் காக்கும். ஆனால் கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கவே கூடாது. புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேராவிட்டால் கருப்பையின் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரலாம். கடையில் கேட்டு வாங்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.