யூரிக் அமிலம் ஆறுக்குக் கீழே வந்த பதினான்கு மாதங்கள்

நாற்பத்தாறாவது வயதில், ஒரு மார்கழி இரவின் இரண்டாம் சாமத்தில், வலது கால் பெருவிரல் வலியால் விழித்தேன். செக்கச்சிவந்து, தோல் பளபளக்க வீங்கியிருந்த அந்த விரலின்மேல் போர்வையின் நுனி பட்டதைக்கூடத் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை நான் சென்ற மருத்துவமனையில் கிருமித்தொற்று என்று கூறி ஐந்து நாட்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் வலி முற்றிலும் அடங்கியதால் மருந்துதான் குணப்படுத்தியது என்று நம்பினேன். அதே விரலில் மறுபடியும், பிறகு கணுக்காலிலும் வந்தது. அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 6.4 மில்லிகிராம் என்று இருந்ததைப் பார்த்து, கவுட் என்னும் யூரிக் அமில மூட்டுவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் அந்த அளவு இறங்கிக் காட்டக்கூடும் என்பதையும், அடங்கி இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பதையும் எவரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு தாளை நம்பி ஓராண்டை இழந்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முழங்கால் வீங்கியபோது மூட்டுவாத நிபுணர் ஒருவரிடம் போனேன். அவர் ஊசியால் மூட்டு நீரை எடுத்தார். தெளிவாக இருக்க வேண்டிய நீர் வடிகஞ்சி போலக் கலங்கியிருந்தது. ஒரு சொட்டை முனைவாக்கிய ஒளியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியில்) நுண்ணோக்கியின் கீழ் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். ஊசி ஊசியாகப் படிகங்கள் கிடந்தன. ஒரு திசையில் கிடந்தவை மஞ்சளாகவும், குறுக்கே கிடந்தவை நீலமாகவும் தெரிந்தன. ஒரு வெள்ளையணு அத்தகைய ஊசி ஒன்றைப் பாதி விழுங்கியிருக்க, மறுபாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளாக என் உடம்பில் நடந்தது என்னவென்று அந்தக் கணத்தில்தான் புரிந்தது.

அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அம்மை ஒருமுறை வந்தால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும் எதிர்ப்புச் சக்தி ஒரு வகை. பிறவியிலேயே அமைந்து, எதையும் கற்றுக்கொள்ளாமல் ஆபத்தின் அடையாளத்தைக் கண்ட உடனே பாயும் உள்ளார்ந்த எதிர்ப்பு மண்டலம் இன்னொரு வகை. கவுட் இந்த இரண்டாம் வகையின் நோய். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டி நீடிக்கும்போது அது மூட்டில் படிகமாகப் படியலாம். மூட்டிலுள்ள விழுங்கணு அந்தப் படிகத்தைக் கிருமியென்றே எண்ணி விழுங்குகிறது. ஆனால் அதைச் செரிக்க முடிவதில்லை. உடனே அணுவுக்குள் இன்ஃப்ளமசோம் என்னும் புரதக் கூட்டமைப்பு ஒன்றுகூடி, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் பொருளை முடுக்கிவிடுகிறது. அதன் அழைப்பில் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில் மூட்டுக்குள் இறங்குகின்றன. யூரிக் படிகம் இந்த அமைப்பைத் தூண்டுகிறது என்பதை 2006-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் யூர்க் சோப் குழுவினர் காட்டினார்கள். குவிந்த நியூட்ரோபில்கள் மடியும்போது விரிக்கும் வலைகளே பின்னர் ஒன்றாகத் திரண்டு அந்தத் தூதுப் பொருட்களைச் சிதைப்பதால், தாக்குதல் ஓரிரு வாரத்தில் தானாகவும் ஓய்கிறது. என் முதல் வலி ஆன்டிபயாட்டிக்கால் அடங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வலி ஓய்ந்தாலும் படிகம் மூட்டிலேயே இருக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய அழற்சி தொடர்ந்து எலும்பை அரிக்கிறது.

உறவினர்கள் எல்லோரும் இறைச்சியையும் மதுவையும் காரணம் காட்டினார்கள். நான் மதுவைத் தொட்டதே இல்லை என்பதால் அது மனத்தை மிகவும் வருத்தியது. பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றாததே அடிப்படை. ரத்த அழுத்தத்துக்காக நான் எடுத்துவந்த நீர்பிரியும் மாத்திரையும் அதற்குத் துணைபோயிருந்தது. மருத்துவர் அதை மாற்றினார்.

வலி அடங்கிய பின் எடுத்த அளவு 9.1. யூரிக் அமில உற்பத்தியைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை 100 மில்லிகிராமில் தொடங்கியது, கூடவே அழற்சியை அடக்கும் கால்ச்சிசின். தோலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று எச்சரித்திருந்தார். கால்ச்சிசின் பெயரைக் கேட்டதும், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடும் என் சித்தப்பா நினைவுக்கு வந்தார். கண்வலிக்கிழங்குச் செடிதான் நம் மாநில மலரான செங்காந்தள்; அதன் விதையிலிருந்தும் இதே மருந்துப் பொருளை எடுக்கிறார்கள். நியூட்ரோபில்களின் நடமாட்டத்தைக் கால்ச்சிசின் தடுக்கிறது. கிழங்கையோ விதையையோ யாரும் நேரடியாக உண்ணக் கூடாது. அவை உயிரைக் குடிக்கும் நஞ்சு.

ஐந்தாவது வாரத்தில் கணுக்காலில் மறுபடியும் வலி வந்தது. மருந்தே நோயைக் கூட்டுகிறது என்று எண்ணி, மாத்திரையை நிறுத்தும் முடிவோடு மருத்துவரை அழைத்தேன். ரத்தத்தில் யூரிக் அமிலம் குறையும்போது பழைய படிவுகள் கரைந்து உதிர்வதால் விழுங்கணுக்கள் அவற்றைப் புதிதாகச் சந்திக்கின்றன என்றும், "இப்போது நிறுத்தினால் தொடங்கிய இடத்துக்கே திரும்புவீர்கள்" என்றும் சொன்னார். பலர் விட்டுவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நான் தொடர்ந்தேன். மாத்திரையின் அளவு படிப்படியாக 300 மில்லிகிராமுக்கு உயர்ந்தது. ஆறு மாதத்துக்குப் பின் கால்ச்சிசின் நின்றது.

பதினான்காம் மாதப் பரிசோதனையில் 5.4 என்று வந்தது. இடது முழங்கையில் யூரிக் படிகம் திரண்டு கொண்டைக்கடலை அளவில் இருந்த கட்டி இப்போது கடுகளவுதான் தட்டுப்படுகிறது. அலோபியூரினாலைத் தினமும் இரவு உணவுக்குப் பின் எடுத்துக்கொள்கிறேன்.