எட்டுத் திருகாணிகளைப் பார்க்க ஒரு ஸ்விஸ் பயணம்

ரயில் நேரம், தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, முதலில் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஸ்விஸ் ஊரான லே பிராசூவில் இருக்கும், ஓடுமா பிகே என்ற கடிகார நிறுவனத்தின் அருங்காட்சியகம், புல்தரையிலிருந்து சுருண்டு எழுகிற கண்ணாடிக் கட்டடம். 2020இல் திறந்தார்கள். கூரையின் பாரத்தைத் தாங்குவதே வளைந்த கண்ணாடிச் சுவர்கள்தாம். ஆனால் நான் போனது அவர்களுடைய ராயல் ஓக் கடிகாரத்துக்காக.

ஒரு மாலை, நிறுவனத் தலைவர் ஜார்ஜ் கோலே, கடிகார வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டாவைத் தொலைபேசியில் அழைத்து, இதுவரை யாரும் பார்த்திராத எஃகுக் கடிகாரம் ஒன்றின் வரைபடம் மறுநாள் காலைக்குள் வேண்டும் என்றாராம். ஜென்டா ஒரே இரவில் வரைந்து கொடுத்தார். ஆழ்கடலில் மூழ்குவோர் அணியும் தலைக்கவசத்தைப்போல எண்கோண வளையம், அதில் வெளியே தெரியும் எட்டுத் திருகாணிகள். 1972இல் பாசல் நகரக் கடிகாரக் கண்காட்சியில் விலை 3,300 பிராங்க்! தங்கக் கடிகாரத்தைவிட எஃகு விலை அதிகமா என்று அன்று பலர் சிரித்திருக்கிறார்கள். 39 மில்லிமீட்டர் அகலமே அப்போது பூதாகரம். 'ஜம்போ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து பார்த்தேன். திருகாணித் தலைகள் அறுகோணம்; அறுகோணக் குழிக்குள் பதிந்திருப்பதால் திருப்பவே முடியாது. இறுக்குவது பின்புறத்திலிருந்துதான். அதனால்தான் எட்டின் பள்ளங்களும் வட்டத்தை ஒட்டியே ஒழுங்காக நிற்கின்றன. எஃகின் ஒரு பக்கம் கோடு கோடாக மங்கல், அதன் விளிம்பில் கண்ணாடிப் பளபளப்பு. கை இம்மி அசைந்தாலும் அந்த எல்லை கோணிவிடும். எஃகு தங்கத்தைவிட முரடு என்பதால் மாதிரிகளை வெள்ளைத் தங்கத்தில் செய்து பார்த்தார்களாம். காசு உலோகத்துக்கு இல்லை, கூலிக்குத்தான் என்பது அங்கே விளங்கியது. இன்றைய விலை வேறு கதை. அது வெறும் பைத்தியக்காரத்தனம்.

திரும்பும்போது கொட்டும் மழை. பக்கத்து ஊரான லே சாந்தியேவுக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். டாக்சிக்காரர் மீட்டரைத் தொடவே இல்லை; இறங்கியதும் நாற்பது பிராங்க் என்றார். வாதாடினேன், தோளைக் குலுக்கினார். அதை ரூபாயாக மாற்றிப் பார்த்தபோது பசியே போய்விட்டது.

போன பசியை வாஷ்ரென் மோன்தோர் திருப்பிக் கொண்டுவந்தது. ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பட்டை சுற்றிய சீஸ். மரப் பெட்டியோடு அடுப்பில் வைத்து, பூண்டும் வெள்ளை ஒயினும் சேர்த்து உருக்கி, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றித் தருகிறார்கள். புகை வாசனையா, காட்டு வாசனையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரைதான் கிடைக்கும். கோடையில் போகிறவர்கள் பாவம். அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு அவசியம். ரயில் லே பிராசூ வரை போகிறது. ஒரு பெட்டிச் சீஸை இருவர் பங்கிட்டால் இரவுச் சாப்பாட்டுச் செலவு பாதியாகும்.