வலிய கப்பித்தானின் பட்டாளத்தில் எங்கள் பூட்டன்

எங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருவது ஒரே ஒரு வரிதான்: மூத்த பூட்டன் ஒருவர் வலிய கப்பித்தானின் பட்டாளத்தில் இருந்தார். பெயர் கிடையாது, ஆண்டு கிடையாது, எந்தச் சண்டை என்றும் கிடையாது. வலிய கப்பித்தான் என்றால் டிலனாய். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவின் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, 1777-ல் இறக்கும்வரை திருவிதாங்கூர்ச் சேனையிலேயே இருந்த டச்சுக் கம்பெனிக்காரர்.

பட்டாளத்து முன்னோர் என்றதும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லோரும் குளச்சலுக்குத்தான் போவார்கள். அங்கே வெற்றித்தூண் நிற்கிறது, மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஜூலை 31-ல் வந்து மரியாதை செலுத்துகிறது (பல புத்தகங்களில் ஆகஸ்ட் 10 என்று இருக்கும்). ஆனால் குளச்சலில் டிலனாய் எதிர்ப்பக்கம் நின்றவர். அப்படியானால் பூட்டன் அவருக்குக் கீழே சேவகம் பார்த்தது அதற்குப் பிறகுதான் இருக்க முடியும், அதாவது காயங்குளம், அம்பலப்புழை என்று படை வடக்கே போன காலம், அல்லது கிழக்கே ஆரல்வாய்மொழி தாண்டிக் களக்காடு வரை போன காலம், அல்லது மத்திய கேரளத்தில் நெடுங்கோட்டை என்ற நீண்ட அரண் கட்டிய காலம்.

களக்காடு என்று நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் கூரை இல்லாத பழைய தேவாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே மனைவியும், 1765-ல் களக்காட்டுச் சண்டையில் இறந்த மகனும். தளபதியின் மகனே செத்த சண்டையில் பேர் தெரியாத எத்தனை கல்குளத்துக்காரர்கள், விளவங்கோட்டுக்காரர்கள் செத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது. அவர்களுக்குக் கல் கிடையாது.

சரி, ரெஜிமெண்டின் வழியாகப் போகலாமே என்று தோன்றும். மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-வது பட்டாலியன் தன் தொடக்கத்தை 1704-ல் பத்மநாபபுரத்தில் இருந்த ராஜாவின் காவற்படையில் வைக்கிறது, குளச்சல் அவர்களுடைய போர்க் கௌரவங்களில் ஒன்று. பெருமையான விஷயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தனி ஆளைத் தேடுகிறவருக்கு நடுவில் 1809 நிற்கிறது. தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்தபோது, அந்த ஆண்டு பிப்ரவரியில் கம்பெனிப் படையின் செயின்ட் லெஜர் ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தார், உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமல் விழுந்தன, அப்புறம் திருவிதாங்கூர்ப் படையைப் பெரும்பாலும் கலைத்துவிட்டார்கள். பிற்காலத்துத் திருவிதாங்கூர்ப் படையான நாயர் பிரிகேடின் ஆவணத்தில் 1760-ன் சிப்பாயைத் தேடுவது வீண்.

என் அபிப்பிராயத்தில் நிலத்தின் வழியாகத் தேடுவதுதான் சரி. அன்றைக்குச் சேவகத்துக்குப் பலருக்கும் நிலமாகத்தான் கொடுத்தார்கள், விருத்தி, அனுபோகம், கரமொழிவு என்று பல வகையில். வீட்டுப் பெரியவர்களிடம் "எந்தச் சண்டை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த விளை நமக்கு எப்படி வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், பேச ஆரம்பித்துவிடுவார்கள். மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு 914-ல் பள்ளியாடி மல்லன் சங்கரன் பொறுப்பில் நில அளவும் கண்டெழுத்தும் (நிலவரித் திட்டம்) தொடங்கியது என்பதால், பூட்டனுக்குக் கொஞ்சம் முந்தைய காலத்திலேயே நிலக்கணக்கு எழுதும் வழக்கம் இருந்திருக்கிறது. கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும், மாதத்தைப் பொறுத்து ஒன்று குறையும்.

சிக்கல் என்னவென்றால் நம் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல், அதற்கு முந்தைய அரசுக் கணக்கெல்லாம் திருவனந்தபுரத்துக்கணக்கு. 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்தவர், அதனால் கோயிலின் பழைய கணக்கோலைகளான மதிலகம் ஓலைகளில் ராஜ்ஜியக் காரியமும் கலந்து கிடக்கிறது. அவை இப்போது கேரள ஆவணக் காப்பகத்தில். டச்சுக்காரர்களின் கொச்சி ஆவணங்களோ சென்னை எழும்பூரில் இருக்கின்றன. ஓலைகளில் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று பழைய எழுத்துகள் வரும், எழுத்துத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளாமல் போவதில் பயனில்லை.

நான் இப்போது எங்கள் வீட்டு ஆதாரங்களை (நிலப் பத்திரங்களை) கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்து வருகிறேன், ஒவ்வொன்றிலும் முந்தைய ஆதாரத்தின் கொல்லம் ஆண்டு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். கல்குளம் பக்கம் மச்சில் பழைய ஓலைக்கட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு ஓலையையும் இரண்டு பக்கமும் படமெடுத்து வையுங்கள்.