உடம்புக்குள்ள வைக்கிற பிபி மெஷினுக்கு புரோகிராமே தானா செட்டிங் போட முடியுமா?

மூணு விதமான மாத்திரை போட்டும் எறங்காத பிபிக்கு உடம்புக்குள்ள வைக்கிற மெஷின் ஒன்னு இருக்குன்னு கடலூர்ல யார்ட்ட சொன்னாலும் பேஸ்மேக்கரான்னுதான் கேக்குறாங்க, பாக்க அப்படித்தான் இருக்கும், காரை எலும்புக்குக் கீழ தோலுக்கடியில ஒரு சின்ன டப்பா, ஆனா வயர் இதயத்துக்குப் போகாம கழுத்து ரத்தக்குழாய்க்குப் போகும். அங்கதான் ரத்த அழுத்தத்தை உணர்ற நரம்பு முனைங்க இருக்கு, லேசா கரண்ட் குடுத்தா பிபி ஏறிடுச்சுன்னு மூளை நெனச்சுக்கிட்டு ரத்தக்குழாயைத் தளர்த்தும், இதயத்தையும் மெதுவாக்கும். பாரோஸ்டிம்னு பேரு. ஐரோப்பாவுல பிபிக்கும் அனுமதி இருக்கு, அமெரிக்காவுல 2019ல குடுத்தது இதய செயலிழப்புக்கு.

ஆபரேஷனை விட அதுக்கப்புறம் நடக்குற செட்டிங் வேலைதான் எனக்கு சுவாரசியம். எத்தன மில்லியாம்ப் கரண்ட், ஒரு கரண்ட் துடிப்பு எவ்ளோ நேரம், செகண்டுக்கு அப்படி எத்தன துடிப்பு, எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கம்ப்யூட்டர்ல கொஞ்சம் ஏத்துவாங்க, பிபி பாப்பாங்க, இன்னும் கொஞ்சம் ஏத்துவாங்க, நாடி ரொம்ப கொறஞ்சாலோ கழுத்து சதை இழுத்தாலோ ஒரு படி எறக்குவாங்க. பொறுமையான வேலை, புரோகிராமே செய்யலாம். கம்மி கரண்ட்லயே அதே பலன் கெடைக்குமான்னு தேடிப் பாத்தா பேட்டரியும் மிச்சம்.

சிக்கல் அளக்குறதுல இருக்கு. தேவனாம்பட்டினத்துல இருக்குற பெரியம்மா ஜாக்கெட் கை மேலயே பிபி அளக்குற மெஷினோட பட்டியைச் சுத்திக்கிட்டு, சீரியல் பாத்துக்கிட்டே சங்கரா மீன் வெலையப் பத்தி என்கிட்ட பேசிக்கிட்டே பட்டனை அமுக்குச்சு, 168. பேசாம 5 நிமிஷம் சாஞ்சு உக்காரு பெரியம்மான்னு சொல்லி, வெறுங்கைல கட்டி, கைய மேசை மேல வச்சுப் பாத்தா 150. "இந்த மெஷினு பொய் சொல்லுதுடா தம்பி"ன்னு என்னை மொறைக்குது!

இந்த ரெண்டு தடவைக்கும் நடுவுல ஒரு புரோகிராம் கரண்டை ஒரு படி ஏத்தியிருந்தா, கொறஞ்ச 18ம் தன்னாலதான்னு கணக்கு எழுதிக்கும். அதனால ஒவ்வொரு படியிலயும் ரெண்டு மூணு தடவ அளக்கணும், திரும்ப எறக்கி பிபி மறுபடி ஏறுதான்னும் பாக்கணும், மாத்திரை போட்ட நேரத்தையும் சேத்துக்கணும். டாக்டரைப் பாத்தாலே பிபி எகிறுற ஆளுக்கு ஆஸ்பத்திரி நம்பரை மட்டும் வச்சு செட் பண்ணா வீட்ல எழுந்து நிக்கும்போது தலை சுத்திரும், அவங்களுக்கு 24 மணி நேர ரீடிங் வேணும்.

என்னைக் கேட்டா படிப்படியா தேடுற வேலைய புரோகிராம்கிட்ட விடலாம், ஆனா எங்க நிறுத்தணுங்குற எல்லைய டாக்டர்தான் போடணும். ராத்திரி பகலா தானே மாத்திக்கிட்டே இருக்குறதுக்கு கைப்பட்டி ரீடிங் பத்தவே பத்தாது, மாடிப்படி ஏறுனா பிபி ஏறத்தான் செய்யும், அதைப்போய் அடக்கக்கூடாது இல்லையா.

இவ்ளோவும் கேட்டுட்டு பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி, அது வச்சிக்கிட்டா கருவாடு திங்கலாமா. இல்ல பெரியம்மா, அது வச்சவங்களும் மாத்திரையே விடுறதில்லன்னேன், அப்ப எதுக்குடா அதுன்னு சீரியலுக்குத் திரும்பிடுச்சு.